கார்த்திகையில் மழை ஓய்ந்த வாரம்: யாழ்ப்பாணத்தில் ஏழு நாள் வானிலையை முன்கூட்டிக் கணிக்கும் முறை

ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழி முடியும்வரை யாழ்ப்பாணத்தில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. சில நாள் அடைமழை, பிறகு ஒரு வாரமளவில் மெல்லிய வெயிலும் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றும் இடைக்கிடை தூறலுமான ஓய்வு, மீண்டும் மழை என்ற போக்கிலேயே மாரி நகர்கின்றது. வெங்காயம் நடுவதா, வயலுக்குப் பசளை எறிவதா, கூரை ஓட்டை மாற்றுவதா, நெடுந்தீவுக்குப் போய்வருவதா என்ற முடிவுகள் எல்லாம் அந்த ஓய்வு வாரத்தில்தான் வந்து குவிகின்றன. அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசிச் செயலியோ ஏழு நாளுக்கும் ஒரே முகில் படத்தையும் ஒரே 29 பாகையையும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றது.

அவரவர் ஊருக்குரிய வாராந்த வானிலை எதிர்பார்ப்பை அவரவரே தொகுத்துக்கொள்ளும் முறையை இங்கே விளக்குகின்றேன். தோட்டக்காரர், கடற்றொழிலாளர், சனசமூக நிலையத்தின் அறிவித்தல் பலகைக்குப் பொறுப்பானவர், புவியியல் படிக்கும் உயர்தர மாணவர் ஆகிய எவரும் இதைச் செய்யலாம். வேண்டியவை ஒரு கொப்பி, ஒரு பால்மாப் பேணி, இணைய இணைப்புள்ள ஒரு தொலைபேசி, காலையில் கால் மணி நேரம். மாரி காலத்தில் எங்கள் வானிலையைத் தீர்மானிப்பவை இரண்டு: வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், அதாவது காற்றழுத்தம் குறைந்த பகுதி, எங்கே நிற்கின்றது என்பதும், அதனால் காற்று எந்தத் திசையிலிருந்து வருகின்றது என்பதும். கீழே சொல்லப்படுபவை எல்லாம் இந்த இரண்டையும் சரியாக அறிந்துகொள்வதற்கான வழிகளே.

மழை ஏன் ஓய்ந்தது என்று முதலில் அறியுங்கள்

யாழ்ப்பாணத்துக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை. அதில் பாதிக்கும் மேல் ஒக்ரோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வகுப்பின்படி ஒக்ரோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவக் காலம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையே வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். ஊரில் நாம் இவை இரண்டையும் சேர்த்து மாரி என்றே சொல்கின்றோம். ஆனால் கணிப்பவர் இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருக்க வேண்டும். இடைப்பருவக் காலத்து மழை பெரும்பாலும் பிற்பகலில் இடி மின்னலுடன் தரையில் எழும்பிப் பெய்வது. பருவக்காற்று நிலைத்த பிறகு வரும் மழையோ கடலிலிருந்து நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கரையேறுவது. நவம்பர் நடுப்பகுதியில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குவதால், அந்த வாரங்களில் மழை எந்த நேரத்தில் வரும் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு.

மாதச் சராசரியை நம்பி எதையும் கணிக்க முடியாது. நவம்பரின் மழையை முப்பதால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று சொல்வதில் பயனில்லை, ஏனெனில் அந்த மழையில் பெரும்பங்கு நான்கைந்து நாட்களில் கொட்டிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவானது என்பதை நினைத்துப் பார்த்தால் சராசரியின் பெறுமதி விளங்கும். இதற்கு மாறாக ஓய்வு வாரமொன்றில் பகல் வெப்பநிலை 28 முதல் 30 பாகை வரையும், இரவு வெப்பநிலை 23 முதல் 25 பாகை வரையும் நிற்கும்; வாடை மெதுவாக வீசும்; ஏழு நாளிலும் சேர்த்துப் பெய்வது ஒரு தோட்டத்துக்கு ஒருமுறை இறைத்த அளவுக்கும் வராமல் போகலாம்.

இந்த ஓய்வுக்குக் காரணங்கள் மூன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக முடிவுக்கு வருவதால், எந்தக் காரணத்தால் மழை நின்றது என்று தெரிந்தால் அது எப்போது திரும்பும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

முதலாவது, தாழமுக்கம் எங்களைக் கடந்து தமிழ்நாடு வழியாகவோ மன்னார் வளைகுடா வழியாகவோ அரபிக் கடலுக்குப் போய்விடுவது. அது போன பின்பும் ஓரிரு நாள் தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்று தொடர்ந்து வருவதால் மழை உடனே நிற்காது. நின்ற பிறகு வருவது நல்ல வெயில்.

இரண்டாவது, விரிகுடாவில் உருவான தாழமுக்கம் எங்கள் பக்கம் வராமல் ஆந்திரா, ஒடிசா பக்கமாக வடக்கே போய்விடுவது. அது போகும்போது ஈரத்தையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொள்ள, எங்களுக்கு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுத் திரும்பி வீசுகின்றது. கார்த்திகையில் கச்சான் வீசி, வானம் வெளித்து, வெயில் உறைத்தால், பெரும்பாலும் இதுவே நடந்திருக்கின்றது. இந்த வகை ஓய்வு திடீரென்று முடியும். கச்சான் விழுந்து வாடை திரும்பும் முதல் நாளோ இரண்டாம் நாளோ மழை மீண்டும் தொடங்குவது வழக்கம்.

மூன்றாவது, விரிகுடா முழுவதும் எந்தத் தாழமுக்கமும் இல்லாமல், வட இந்தியாவிலிருந்து வறண்ட காற்று இறங்குவது. அப்போது வாடையே வீசும், ஆனால் அதில் ஈரம் குறைவு. இரவில் குளிர் சற்றுக் கூடி, காலையில் புல்லில் பனி நிற்கும். மூன்றிலும் நம்பத்தக்க ஓய்வு இதுதான் என்பது என் கருத்து, ஏனெனில் இது மெதுவாக வந்து மெதுவாகப் போகின்றது.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்ற பழமொழியை இந்தக் கணிப்பில் சேர்க்க வேண்டாம். 1964 டிசெம்பர் 22, 23 ஆம் திகதிகளில் வட இலங்கையைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது மார்கழி பிறந்து ஒரு வாரத்தின் பின்னர்தான்.

காற்றைக் கண்டுபிடித்தல்

காற்றின் திசையை அறிவதுதான் இந்த முறையில் அதிக கவனம் தேவைப்படும் பகுதி. குடாநாட்டில் எந்த இடமும் கடலிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆகவே பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் உண்மையான காற்றை மறைத்துவிடும். முற்றத்துத் தென்னோலை அசையும் திசையை மாலை நான்கு மணிக்குப் பார்த்தால், அன்றைய கடற்காற்றையே காண்பீர்கள். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், வெட்டை வெளியிலோ வயற்கரையிலோ நின்று, தாழ்வாகப் போகும் முகில்கள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கின்றன என்று ஒரு பனையின் வட்டைக் குறியாக வைத்துப் பாருங்கள். உயரத்தில் வெள்ளையாகக் கீறல்போலத் தெரியும் முகில்களை விட்டுவிடுங்கள். அவை வேறொரு உயரத்துக் காற்றில் போகின்றன.

திசை தெரிந்ததும் இந்த விதியைப் பயன்படுத்துங்கள்: காற்றை முகத்தில் வாங்கி நின்றால், தாழமுக்கம் உங்கள் வலது கைப் பக்கம், சற்றுப் பின்தள்ளி இருக்கும். வடக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால் வரும் விதி இது. காற்று நேர் வடக்கிலிருந்து வந்தால் தாழமுக்கம் கிழக்கே விரிகுடாவில் நிற்கின்றது. மேற்கிலிருந்து கச்சானாக வந்தால் அது வடக்கே போய்விட்டது. கிழக்கிலிருந்து கொண்டலாக வந்தால் அது தெற்கே, இலங்கைக்குக் கீழாகவோ குமரிக் கடலிலோ இருக்கின்றது. மாரியில் வழமையான காற்று வடகிழக்கிலிருந்தே வருவதால், மெல்லிய வாடையை மட்டும் வைத்துத் தாழமுக்கம் இருக்கின்றதென்று முடிவுசெய்ய வேண்டாம். முந்தைய நாளிலிருந்து திசை மாறியிருக்கின்றதா, வேகம் கூடியிருக்கின்றதா என்பவையே குறி.

குறிப்பாக ஒன்றைக் கவனியுங்கள். வாடை வடக்கே திரும்பி, மழையில்லாமலே உரத்து வீசத் தொடங்கினால், ஓய்வு வாரம் முடியப்போகின்றது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. முகில் இன்னும் திரளாத நிலையிலும் காற்று முன்கூட்டியே மாறிவிடும்.

காற்றழுத்தம் காட்டும் வசதி சில கைத்தொலைபேசிகளில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர் ஒரே நேரத்து அளவை மட்டுமே ஒப்பிட வேண்டும். எங்களைப் போன்ற வெப்பவலய இடங்களில் அழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் ஏறி, விடியற்காலை 4 மணியளவிலும் மாலை 4 மணியளவிலும் இறங்குகின்றது. காலை பத்து மணி அளவையும் மாலை நான்கு மணி அளவையும் ஒப்பிட்டு, அழுத்தம் விழுகின்றது, புயல் வருகின்றது என்று பதறுவதற்கு இடமில்லை. நேற்றுக் காலை 10 மணிக்கு இருந்ததைவிட இன்று காலை 10 மணிக்கு 3 மில்லிபார் குறைந்திருந்தால், அது கவனிக்கத்தக்க செய்தி.

திணைக்களத்தின் அறிவிப்பை வாசித்தல்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு தமிழிலும் வருகின்றது. அதைத் தினமும் வாசிப்பது கட்டாயம். எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பும் அதிகாரமும் அதற்கே உண்டு. ஆனால் அதன் சொற்களுக்கு உள்ள அளவான பொருளை அறிந்து வாசிக்க வேண்டும். வடக்கு மாகாணம் என்றால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்கள். வடக்கு மாகாணத்தின் சில இடங்களில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை என்றால், முல்லைத்தீவில் அது பெய்து முடிய, சுன்னாகத்தில் நிலம் நனையாமலும் இருக்கலாம். அறிவிப்புப் பிழைத்ததாக அதற்குப் பொருளில்லை. சில இடங்களில், பல இடங்களில், அவ்வப்போது, பிரதானமாக மழையற்ற வானிலை ஆகிய சொற்றொடர்களில் எது நேற்று வந்தது, எது இன்று வருகின்றது என்று கொப்பியில் எழுதிவைத்தால், மாற்றத்தின் திசை மூன்று நாளில் தெளிவாகிவிடும்.

கடற்பரப்புக்கான அறிவிப்பைத் தோட்டக்காரர்களும் வாசிக்க வேண்டும், ஏனெனில் காற்றின் திசையும் வேகமும் அதில்தான் கூறப்படுகின்றன. அந்த அறிவிப்பில் கரையோரப் பிரிவுகளைப் பிரிக்கும் பெயர்களுள் ஒன்றாகக் காங்கேசன்துறை வருவதுண்டு: புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை ஒரு பிரிவு, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை நோக்கி மற்றது. குருநகர், தீவகப் பக்கத்தவருக்கு முதலாவதும், பருத்தித்துறை, வடமராட்சி கிழக்குப் பக்கத்தவருக்கு இரண்டாவதும் உரியவை. இரண்டுக்கும் வெவ்வேறு வேகம் சொல்லப்படும் நாட்களில் தன் பிரிவை மாற்றி வாசித்துவிட்டுக் கடலுக்குப் போவது உயிருக்கே ஆபத்தானது.

விரிகுடாவின் படம்

அடுத்து, காற்று வரைபடம் காட்டும் ஏதாவது ஒரு செயலியைத் திறந்து, யாழ்ப்பாணத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல், அந்தமான் தீவுகள் வரை தெரியும்படி படத்தைச் சுருக்குங்கள். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 80 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கின்றது. அந்தமானுக்கு இப்பால் 90 பாகையில் ஒரு காற்றுச் சுழற்சி தெரிந்தால், அது எங்களிடமிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. தாழமுக்கங்கள் பெரும்பாலும் மணிக்கு 10 முதல் 20 கிலோமீற்றர் வேகத்தில் நகர்பவை. மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்தால் அது எங்களை அடைய மூன்று நாள் வேண்டும். வாராந்தக் கணிப்பில் முதல் மூன்று நாளை உறுதியாகவும், மற்ற நான்கு நாளைத் தயக்கத்துடனும் எழுத வேண்டியதன் காரணம் இதுவே. மூன்று நாளுக்குள் எங்களைப் பாதிக்கக்கூடியது இன்றே படத்தில் தெரிய வேண்டும். ஐந்தாம் நாளில் வரக்கூடியது இன்னும் உருவாகாமலே இருக்கலாம். இலங்கைக்கு மிக அண்மையில், திருகோணமலைக்குக் கிழக்கே உருவாகும் சுழற்சிகள் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. அவற்றுக்காகத்தான் தினமும் பார்க்கச் சொல்கின்றேன்.

செயலிகள் காட்டுவது உலகளாவிய கணினி மாதிரிகளின் முடிவு. அவற்றில் முக்கியமான கணிப்புகள் எங்கள் நேரப்படி காலை 5.30 க்கும் மாலை 5.30 க்கும் எடுத்த அவதானிப்புகளிலிருந்து தொடங்கி, கணித்து முடித்து வெளிவர ஐந்து முதல் எட்டு மணி நேரம் எடுக்கின்றன. ஆகவே பிற்பகல் 2 மணியளவில் பார்த்தால் அன்றைய காலையின் கணிப்புக் கிடைக்கும். காலை 7 மணிக்குப் பார்த்தால் முந்தைய மாலையின் கணிப்பே கிடைக்கும். ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் ஒரே இடத்தில் சுழற்சியைக் காட்டினால் அதை எழுதுங்கள். ஒன்று தமிழ்நாட்டையும் மற்றது ஆந்திராவையும் காட்டினால், முடிவு தெரியவில்லை என்றே எழுதுங்கள். பத்தாம் நாளில் புயல் வருமென்று ஒரு மாதிரியின் ஒரு படத்தை மட்டும் எடுத்துப் பரப்புவதைப் பொறுப்பற்ற செயலாகவே கருதுகின்றேன். அதைப் பார்த்து வீட்டைவிட்டு வெளியேறத் தயாராகும் முதியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கின்றார்கள்.

அடுத்த சில மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுவது காரைக்காலில் உள்ள இந்திய வானிலைத் துறையின் ராடர் படம். காரைக்கால் எங்களிலிருந்து 140 கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருப்பதால் குடாநாட்டின் மேல் நகரும் பெருமழை அதில் தெரிகின்றது. ஆனால் அவ்வளவு தூரத்தில் ராடரின் கதிர் தரைக்கு மேல் உயர்ந்து போய்விடுவதால், தாழ்ந்த முகிலிலிருந்து பெய்யும் தூறல் தெரியாமல் போகலாம்.

பால்மாப் பேணியில் மழையை அளத்தல்

மழை வருமா என்ற கேள்வியைவிட எவ்வளவு வரும் என்ற கேள்வியே தோட்டத்துக்கும் வயலுக்கும் முக்கியம். செயலி 80 வீதம் என்று காட்டுவது மழை வருவதற்கான வாய்ப்பை மட்டுமே. அது 2 மில்லிமீற்றர் தூறலாகவும் இருக்கலாம். மில்லிமீற்றர் என்ற அளவு கண்ணுக்குப் பழக வேண்டுமானால் சொந்தமாக அளக்க வேண்டும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு பால்மாப் பேணியை எடுத்து, வளவின் திறந்த பகுதியில், காற்றுக்கு விழாதபடி மூன்று கல்லுக்கு நடுவில் மட்டமாக வையுங்கள். அருகிலுள்ள மரமோ வீடோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். காலை 8.30 க்கு ஓர் அடிமட்டத்தை உள்ளே நிறுத்தி, ஈரமான உயரத்தை மில்லிமீற்றரில் வாசித்து, எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடிமட்டத்தின் பூச்சியக் கோடு விளிம்பிலிருந்து சற்று உள்ளே இருந்தால் அந்த இடைவெளியையும் கூட்ட வேண்டும். திணைக்களமும் 8.30 இலிருந்து 8.30 வரையான 24 மணித்தியால மழையையே நாள் மழையாகக் கொள்வதால், உங்கள் அளவை அதனோடு ஒப்பிடலாம்.

1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர் தண்ணீர். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற எங்கள் கணக்கின்படி ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆகவே 10 மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புக்கு 2,500 லீற்றருக்குச் சற்று மேல் தருகின்றது. இந்த அளவை வலிகாமத்துச் செம்பாட்டு மண் உடனே உள்வாங்கிவிடும். அடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் தண்ணீர் விரைவில் கீழிறங்கிக் கிணற்று நீர்மட்டம் உயரும். அதே மழை வழுக்கையாற்றுப் படுகையின் தாழ்ந்த வயல்களில் தேங்கி நிற்கும். ஏற்கெனவே நிலம் ஊறியிருந்தால் 50 மில்லிமீற்றரே ஒழுங்கையை மூடப் போதும். கடந்த பத்து நாளின் மொத்த மழையை உங்கள் கொப்பியில் கூட்டிப் பார்க்காமல், வரப்போகும் மழை வெள்ளம் தருமா தராதா என்று சொல்ல முடியாது. கிளிநொச்சியில் வயல் வைத்திருப்பவர்கள் தங்கள் வயலின் மழையோடு நிற்காமல், இரணைமடுக் குளத்துக்கு நீர் வரும் வன்னிப் பக்கத்து மழையையும், வான்கதவு திறப்புப் பற்றிய அறிவித்தல்களையும் பார்க்க வேண்டும்.

ஒரு வாரத்தை எழுதிப் பார்த்தல்

நவம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம். முந்தைய வாரம் 120 மில்லிமீற்றர் பெய்திருக்கின்றது. தாழமுக்கம் ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. காலையில் முகில் மேற்கிலிருந்து நகர்கின்றது. வரைபடத்தில் 90 பாகைக்குக் கிழக்கே ஒரு மெல்லிய சுழற்சி, இரண்டு மாதிரிகளும் அதன் பாதையில் உடன்படவில்லை. இந்த நிலையில் அறிவித்தல் பலகைக்கு இப்படி எழுதலாம்:

«திங்கள் முதல் புதன் வரை பிரதானமாக மழையற்ற வானிலை. கச்சான் காற்று மெதுவாக வீசும். பகலில் 30 பாகை, இரவில் 24 பாகை அளவில் இருக்கும். பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடியுடன் தூறல் வரலாம், 5 மில்லிமீற்றருக்கு மேற்படாது. வியாழன், வெள்ளி: காற்று வாடைக்குத் திரும்பலாம், திரும்பினால் விடியற்காலையில் மழை தொடங்கும். சனி, ஞாயிறு: விரிகுடாவில் ஒரு சுழற்சி தெரிகின்றது, பாதை இன்னும் தெளிவில்லை. புதன்கிழமை மாலை திருத்திய அறிவித்தல் எழுதப்படும்.»

முதல் மூன்று நாளுக்கு இலக்கமும், அடுத்த இரண்டு நாளுக்குப் போக்கும், கடைசி இரண்டு நாளுக்குக் காரணம் மட்டுமே எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். திருத்தும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசிப்பவர் அந்த நாள்வரை காத்திருந்து முடிவெடுக்க அது உதவும்.

எந்த வேலையை எந்த நாளில் வைப்பது

மேலே எழுதிய வாரத்தில், நிலம் ஈரம் காய இரண்டு நாள் வேண்டியிருப்பதால் செம்பாட்டுத் தோட்டத்தில் புதன்கிழமைக்கு முன் கொத்த வேண்டாம். ஊறிய மண்ணைக் கொத்தினால் அது கட்டிபட்டுப் போகும். வெங்காயம் நடுவதற்கு ஓய்வு வாரத்தின் நடுப்பகுதி கவர்ச்சியாகத் தோன்றினாலும், நட்ட கையோடு பெருமழை வந்தால் விதைவெங்காயம் அழுகிவிடும். வார இறுதியில் சுழற்சி தெரியும்போது பாத்தியையும் வடிகாலையும் ஆயத்தப்படுத்தி வைத்துவிட்டு, நடுவதை ஒத்திப்போடுவதே நல்லது. காலபோக நெல்லுக்கு யூரியா எறிபவர்கள் அடுத்த இரண்டு நாளில் வரப்பு மேவிப் பாயும் அளவு மழை இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். 5 மில்லிமீற்றர் தூறலால் கேடில்லை, 50 மில்லிமீற்றர் வந்தால் எறிந்த பசளை வாய்க்காலோடு போய்விடும். பீடைநாசினியும் களைநாசினியும் தெளிப்பதற்குக் காற்று எழும்பாத காலை நேரமே ஏற்றது. தெளித்தபின் எத்தனை மணி நேரம் மழை படக்கூடாது என்பது போத்தலின் மேல் எழுதப்பட்டிருக்கும். இடைப்பருவக் காலத்துப் பிற்பகல் மழையைக் கணக்கில் எடுத்தால் காலை ஒன்பது மணிக்குமேல் தெளிப்பதில் நன்மையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது நுளம்பு ஒழிப்பு. மழை ஓய்ந்த இளஞ்சூடான வாரமே டெங்கு நுளம்பு பெருக ஏற்ற வாரம். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் போதும் என்பதால், மழை நின்ற இரண்டாம் நாளும், அதிலிருந்து ஏழாம் நாளும், பீலி, சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் டெங்கு உச்சமடைவது டிசெம்பர், ஜனவரி மாதங்களில்; அதற்கான விதை கார்த்திகையின் ஓய்வு வாரங்களிலேயே விழுகின்றது. வெள்ளம் புகுந்த கிணற்றை இந்த வாரத்தில் இறைத்துக் குளோரின் இட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு இடுங்கள், அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

கடற்பயணத்தில் போகும் நாளைவிடத் திரும்பும் நாளே முக்கியம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆனால் வியாழக்கிழமை காற்றுத் திரும்பினால் படகுச்சேவை நிற்கலாம், முதியவர்களோ நோயாளரோ அங்கே சிக்கிக்கொள்வார்கள். பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்றிலேயே குறுகிய, செங்குத்தான அலை எழும்பிச் சிறு வள்ளங்களைத் திணறடிக்கும். 2023 ஒக்ரோபர் 14 இல் தொடங்கிய நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் சேவையே சில நாட்களில் பருவமழையைக் காரணமாகக் கொண்டு நிறுத்தப்பட்டது.

கணிப்பைக் கைவிட வேண்டிய நேரம்

வாரத்தின் நடுவில் சில குறிகள் தென்பட்டால், எழுதிவைத்ததை உடனே அழித்துவிட்டுத் திணைக்களத்தின் எச்சரிக்கையை மட்டுமே பின்பற்ற வேண்டும். காற்று வடக்கே திரும்பி உரத்தல், ஒரே நேரத்து அழுத்தம் இரண்டு நாள் தொடர்ந்து விழுதல், கடற்றொழிலாளர் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு, அறிவிப்பில் தாழமுக்கம் என்ற சொல் ஆழ்ந்த தாழமுக்கம் என்று மாறுதல் ஆகியவை அந்தக் குறிகள். இந்தியத் துறையின் வகுப்பில் காற்று மணிக்கு 51 கிலோமீற்றரை எட்டும்போது அது ஆழ்ந்த தாழமுக்கம், 63 ஐ எட்டும்போது புயல். ஆனால் பெயர் வைக்கப்படும்வரை காத்திருக்க வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் மூழ்கடித்து, உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தச் செய்த மழை, பின்னர் ஃபெங்கல் என்று பெயர்பெற்ற அந்தத் தொகுதி இன்னும் புயலாகாத நாட்களிலேயே பெய்தது. நாவாந்துறை, பொம்மைவெளி, காக்கைதீவு போன்ற தாழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், மருந்து ஆகியவற்றை ஒரே பொலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வைத்துவிட வேண்டும். உதவி தேவைப்படுவோர் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அமைதியாகவே முடிந்த வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை கொப்பியைத் திறந்து, எழுதிய மழையளவுக்கு எதிரே பேணி காட்டிய மழையளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாதிரி உங்கள் ஊருக்கு மழையை வழமையாகக் கூட்டிச் சொல்கின்றது, எது குறைத்துச் சொல்கின்றது என்பதை இரண்டு மாரி காலக் குறிப்புகள் காட்டிவிடும். அடுத்த திங்கட்கிழமை அறிவித்தல் எழுதும்போது அந்த வேறுபாட்டைக் கழித்தோ கூட்டியோ எழுதுங்கள்.